ஐந்தாவது டயருக்கு ஓர் இடம்

என் ஜீப்பைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் வயதைக் கேட்பார்கள். அடுத்ததாக, பின்னால் ஸ்பெயார் டயரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கையைப் பற்றிக் கேட்பார்கள். அது கதவில் ஒட்டாமல், கதவுக்கு வெளியே காவல்காரன் மாதிரித் தனியாக நிற்கும். பெற்றோல் செட்டில்கூட ஒருவர் கேட்டிருக்கிறார், இதை ஏன் இப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று. அவசரமாக இருந்தால் கதவு பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவசரமில்லாத நாளில் முழுக்கதையும் சொல்வேன். இன்றைக்கு எனக்கு அவசரமில்லை.

அம்பிட்டியவைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்கும் கண்டி டவுனுக்கும் இடையில்தான் என் ஓட்டம். தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ரோட்டு என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தார்களாம். அதற்குப் பிறகு அதை மழைதான் பராமரிக்கிறது. த்ரீவீலர்காரர்கள் கீழே பாலத்தோடு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். மேலே யாருக்காவது காய்ச்சல், பிள்ளைப்பேறு, கல்யாணம் என்றால் என் ஜீப்தான் போகவேண்டும். ஓட்டப் பழகியது பிறர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து. திருத்தப் பழகியது உடைந்து உடைந்து.

ஜீப் என் கைக்கு வந்தபோது ஸ்பெயார் டயர் பின்கதவில் இருந்தது. எல்லா ஜீப்புக்கும் அங்கேதானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். நல்ல தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது சரிதான். எங்கள் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் டயர் ஒரு குலுக்குக் குலுக்கும். அந்தக் குலுக்கல் அத்தனையையும் வாங்கிக்கொள்வது கதவின் இரண்டு பிணைச்சல்கள். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போனது. நான் அதைக் காலால் தூக்கிக் கையால் அடித்துச் சாத்தப் பழகிக்கொண்டேன். வருத்தம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், வருத்தத்தோடு வாழப் பழகுவதில் நாங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்.

மேல் டிவிசனில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஏறக்குறைய என் வயதுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு எழுத்து அறிவித்தவர். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சக்கர நாற்காலிதான். வீட்டு வாசலில் இருந்து மூன்று படி இறங்கினால்தான் ரோட்டு. அந்த மூன்று படிக்காக அவர் நாள் முழுவதும் யாராவது வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்து மணி வீட்டுக்குக் கேட்கும். மணி கேட்கும்போதுதான் கால் போனது தெரிகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கிறவர்கள் வெளியூரில் இருந்து கண்டிக்கு வந்து போகிறவர்கள். வருகிற நாளில் போய்விட வேண்டும். விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. முதல் தடவை டீச்சருக்கு நாள் கிடைத்தபோது அந்த நாளைக் கெடுத்தது என் ஜீப். காலையில் நாற்காலியை ஏற்றுவதற்காகப் பின்கதவைத் திறந்தேன். மேல் பிணைச்சல் முறிந்து, டயரும் கதவுமாக என் கைமேல் சாய்ந்தது. கயிற்றால் கட்டி, கம்பியால் முறுக்கி, ஒருவழியாகக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அளவு எடுக்கிறவர்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். டீச்சர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. திரும்பி வரும்போது வாவிக்கரையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த டயர்ப் பைத்தியம் பிடித்தது. கதவைத் திருத்தினேன், அதில் இனி டயர் ஏறாது என்று முடிவு செய்தேன். அப்படியானால் அதை எங்கே வைப்பது?

கூரையில் கட்டிப் பார்த்தேன். ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வளைவில் திரும்பும்போது ஜீப்புக்குத் தலை கனத்து, பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது. இரண்டே நாளில் இறக்கிவிட்டேன். பழைய ஜீப்புகளில் பொனட்மேல் வைப்பார்களே என்று அதையும் செய்து பார்த்தேன். எனக்கு இருக்கிற உயரத்துக்கு ஸ்டியரிங்குக்கு மேலால் ரோட்டைப் பார்ப்பதே ஒரு வேண்டுதல். டீச்சரின் கணவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர், வாய் அதிகம் திறக்காத மனிதர். எதிரே வந்த என்னைப் பார்த்து, டயர் மட்டும் வருகிறது, டிரைவரைக் காணோம் என்று அவரே சொல்லிவிட்டார். அடியில், சேசி என்கிற அடிச்சட்டத்தோடு சேர்த்து மாட்டியதில் ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு ஒரு கல் கீழே இருந்து குத்திக் கம்பியை வளைத்துவிட்டது. சேற்றுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு நட்டைக் கழற்ற முடியாமல் நான் கிடந்ததைப் பார்த்துக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் டயர் உள்ளே வந்தது. பின்சீட்டுகளுக்கு நடுவில், தரையில் கிடந்தது. அங்கே வைத்தால் பாரம் கீழே இருக்கும், வண்டி ஆடாது. ஆனால் டீச்சரின் சக்கர நாற்காலிக்கு அதுதான் இடம். ஆகவே நாற்காலி கூரைக்குப் போனது. மழை நாளில் கண்டி கிளினிக்கில் இறக்கும்போது அது நனைந்து சொட்டும். நான் கட்டியிருக்கிற சாரத்து நுனியால் துடைப்பேன். டீச்சர் அதில் உட்கார்ந்துகொண்டு ஒருநாள் சொன்னார்:

"எனக்கும் ஸ்பெயார்ல ஒரு காலு வரணும். ஒங்க ஜீப்புக்கும் ஸ்பெயார்ல ஒரு காலு இருக்கு. ரெண்டுக்கும் எடந்தான் இல்ல, பாத்தீங்களா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

அளவு எடுக்க இரண்டாவது தடவையும் நாள் கிடைத்தது. அது மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஒன்பது மணிக்கு. திருவிழாவில் அம்மனை ஏற்றவேண்டிய டிராக்டர் கடைசி நேரத்தில் மக்கர் பண்ணியது. தோட்டத் தலைவர் என்னிடம் ஓடி வந்தார். சாமி என் வண்டியில் ஏறுகிறது என்றால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பின்பக்கத்தைக் கழுவி, டயரை இறக்கிக் கோயில் மண்டபத்தில் சாய்த்து வைத்து, அந்த இடத்தில் பலகை போட்டு அம்மனை உட்கார்த்தினோம். ஜீப் மூன்று டிவிசனும் சுற்றி வந்தது. அம்மனைக் கோயிலில் இறக்கிக் கொடுத்துவிட்டு, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் அவரை முன்சீட்டில் தூக்கி உட்கார வைத்தார். நான் பின்கதவைத் திறந்து நாற்காலியை மடித்து உள்ளே தள்ளினேன். எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. "இன்னைக்கு உள்ளயே வச்சாச்சு டீச்சர், நனையாது" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "நல்ல காலம் பொறந்திருச்சு" என்று அவரும் சொன்னார். அவர் கணவரும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். அந்த இடம் எங்கே இருந்து வந்தது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு நாள் இல்லாத இடம் திடீரென்று கிடைத்தால் மனிதன் சந்தோசப்படுவானே தவிரக் கணக்குக் கேட்கமாட்டான்.

பாலத்துக்கு இன்னும் நாலு வளைவு இருக்கும்போது முன்டயர் இறங்கியது. கூர்க்கல். மணி ஏழு. கால்மணி நேர வேலைதானே என்று ஜாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் கதவைத் திறந்தேன். நாற்காலி இருந்தது. நேற்றைய பூவிதழ்கள் இருந்தன. டயர் இல்லை.

கையில் இருந்த ஜாக்கை ரோட்டில் போட்டேன். முன்சீட்டில் இருந்து டீச்சர் திரும்பாமலே கேட்டார், "சாமிய எறக்கினதும் டயர ஏத்த மறந்துட்டீங்களா?"

"ஆமா டீச்சர்."

அவர் மடியில் இருந்த கிளினிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் வைத்து மூடினார். அந்தச் சின்ன வேலையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கொழுந்து லொறி பத்து மணிக்குத்தான் வரும். அந்த ரோட்டில் வேறு வண்டி கிடையாது. தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடுகிற நேரம் அது. விசயத்தைச் சொன்னேன். டீச்சருக்கா என்று மட்டும் கேட்டார். போனைக் காதில் வைத்தபடியே அவர் அங்கே சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரே பெண்கள் குரல்.

ரோட்டு வளைந்து வளைந்து இறங்குகிற தூரத்தைக் குறுக்குப் பாதை நேராக வெட்டி இறங்கும். ஆனால் அது செங்குத்து. அதில் ஜீப் டயரை உருட்டிவிட்டால் அது எங்களைத் தாண்டி மகாவலி ஆற்றுக்குப் போய்த்தான் நிற்கும். நான் வளைவில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். தேயிலைக்கு நடுவில் முதலில் தெரிந்தது டயர். அதன் நடு ஓட்டைக்குள் கயிறு. நேற்று ஊர்வலத்தில் கூட்டத்தைத் தள்ளிப் பிடித்த அதே கயிறு. பின்னால் ஆறு பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கோடு, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறங்கி வந்தார்கள். முதுகில் கொழுந்துக்கூடை ஆடியது. நாய்க்கு வார் போட்டுக் கூட்டி வருவதுபோல் இருந்தது.

பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். டயரில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. கோயில் மண்டபத்தில் கிடந்ததால் யாரோ அதற்கும் பொட்டு வைத்துவிட்டிருக்கிறார்கள். முன்னால் வந்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கயிற்றைக் கொடுத்தார்.

"இந்தாங்கண்ணே. நேத்து பூசையும் நடந்துருச்சு, இன்னைக்கு ஊர்வலமும் நடந்துருச்சு. இனி இத எங்கயாவது ஒரு எடத்துல குடியிருக்க வைங்க."

பிறகு டீச்சர் பக்கம் போனார். "போய்ட்டு நடந்து வாங்க டீச்சர்" என்றார். அந்தப் பெண்ணுக்கும் டீச்சர்தான் எழுத்து அறிவித்தவர். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் கடைசி ஆள் டீச்சர். ஆனாலும் அளவு எடுத்தார்கள். மூன்று மாதத்தில் கால் வந்தது. அந்த ஆறு பேரும் அன்றைக்குப் பிந்திப் போனதால், தேத்தண்ணி நேரத்தில்கூடக் கூடையை இறக்காமல் கொழுந்தெடுத்தார்கள் என்று தலைவர் பிறகு சொன்னார். அவர்கள் ஒருவரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்த உதவிக்கு நன்றி சொல்லப் போனால் அதையும் தட்டிவிடுகிறார்கள். இங்கே எழுதுவதைத் தட்டிவிட முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

டயரைக் குடியிருக்க வைத்தது பிலிமத்தலாவையில் இருக்கிற வெல்டிங் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். "கதவு கண்ணாடிய சுமக்கத்தான் ஈக்கி. டயர சுமக்க அதுக்கு ஏலாது. சேசியில ஒரு கை அடிச்சித் தாரேன். டயர் அதுல நிக்கட்டும், கதவ அதும்பாட்டுல உடுங்க."

முதலில் அந்த இரும்புக் கை திறக்கும், பிறகு கதவு திறக்கும். திறந்த கை சரிவில் திரும்பி வந்து அடிக்காமல் இருக்க ஒரு கொக்கியும் போட்டார். எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டார். கண்ணாடியை மறைத்தால் பின்னால் வருவது தெரியாது. பம்பருக்குக் கீழே போனால் பள்ளத்தில் ஏறும்போது தட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது. நான் பையில் இருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் புதுக்காலில் நிற்கும்போது, தரையில் இருந்து அவர் கை ஊன்றுகிற உயரத்துக்கு அளந்து முடிச்சுப் போட்ட நூல். நானா அதைப் பிடித்துப் பார்த்தார். முடிச்சு, டயரின் மேல்விளிம்பு வரவேண்டிய அந்தச் சாணுக்குள்தான் விழுந்தது. அங்கேயே சோக்கட்டியால் கோடு போட்டார்.

இப்போது டீச்சர் ஜீப்பின் பின்வாசலால்தான் ஏறுகிறார். அங்கேதான் படி தாழ்வு. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சின்ன வகுப்புக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கிறார். காலையில் நான் இரும்புக் கையைத் திறந்து கொக்கி போடுவேன். அவர் டயர்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். கதவு இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான், எனக்கு நேரம் எடுக்கும்.

"அவசரமில்ல, மெதுவா தொறங்க" என்பார். "புடிச்சுக்க டயரு இருக்கு."