அடுப்படியில் கேட்ட இரண்டு சத்தம்

விருதுநகர்ப் பட்டறையில் புதுப் பிஸ்டன் போட்டுக்கொண்டு வந்த எஞ்சின், எங்கள் வராந்தாவில் ஒரு சாக்கின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பழைய மோட்டார் சைக்கிளில் நானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். சொன்னவன், பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒற்றெழுத்தைத் தவிர இந்தக் கை வேறெதையும் அதன் இடத்தில் மாட்டியதில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சிதான் ஒரு கை கொடுத்தார். பழைய வேட்டியை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வண்டிச் சட்டத்தின் ஓட்டையும் எஞ்சின் ஓட்டையும் நேருக்கு நேர் வருகிற நேரம் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

"தம்பி, வெரல எடுங்க. எஞ்சின் உக்காந்துருச்சுன்னா அது ஒங்க வெரல் இல்ல."

எடுத்தேன். போல்ட் ஏறியது. எல்லாம் மாட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிச்சமிருந்தது. அண்ணாச்சி பார்ப்பதற்குள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு கிக்கரை மிதித்தேன். மிதித்தேன், மிதித்தேன், வியர்வை கண்ணில் இறங்கும்வரை மிதித்தேன். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி மிதிக்கு வண்டி வெடித்தது. வண்டிதான் வெடித்தது என்று அப்போது நினைத்தேன்.

வேறு ஊராக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது. மாடிப்படிகளில் காலடி தடதடத்தது.

"எந்தப் பக்கம்லே?"

"பொகை தெரியுதா பாரு!"

வகுப்பில் மாட்டிக்கொண்டவனைப் போலக் கையைத் தூக்கினேன். "நான்தாங்க. வண்டி."

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. "ஆனைக்குட்டம் வரைக்கும் கேட்டிருக்கும் தம்பி. லேபிள் ஒட்டி வித்துருவோமா?"

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள்.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சுங்க. ஒண்ணு இங்கன. இன்னொண்ணு?"

சிரிப்பு அப்படியே நின்றது.

அவளுடைய தங்கை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அன்று காலையிலும் எங்கள் வாசல் வழியாகத்தான் வேன் ஏறப் போனாள். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால்தான் கையில் கிடைக்கும். என் மனைவி அதற்குள் அழைக்க ஆரம்பித்திருந்தாள். எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே அழைத்தாள்.

"எதிரொலியா இருக்கும் தாயி. எங்க கோடவுன் செவுத்துல பட்டுத் திரும்பியிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

அப்படியானால் சோதித்துவிடலாம் என்றேன். மனைவி அடுப்படியில் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். நான் மறுபடி வெடிக்க வைப்பேன். இரண்டாகக் கேட்டால் எதிரொலி. அறிவியல் பேசியபோது என் குரல் நன்றாகவே இருந்தது. பெட்ரோல் மூடியைத்தான் காரணமில்லாமல் திறந்து மூடினேன்.

மிதித்தேன். எஞ்சின் முதல் மிதியிலேயே பிடித்து, பால் பொங்குகிற மாதிரி மெதுவாக ஓட ஆரம்பித்தது. அவ்வளவு அழகாக ஓடும் ஒரு எஞ்சினை நான் கேட்டதில்லை; எந்த எஞ்சினையும் அவ்வளவு வெறுத்ததுமில்லை.

"வெடிக்க மாட்டேங்குதே" என்றார் அண்ணாச்சி, கவலையாக.

ஓடும்போதே சாவியை அணைத்து உடனே திருப்பினால் சைலன்சர் வெடிக்கும். கல்லூரிப் பையன்கள் பெண்கள் பஸ்ஸுக்குப் பின்னால் செய்கிற வித்தை. அதைக் கண்டித்துப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமே எழுதியிருக்கிறேன். இப்போது தெரு பார்க்க அணைத்தேன், திருப்பினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அணைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துத் திருப்பினேன்.

வெடித்தது. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தும் எல்லோரும் குனிந்தோம். வண்டியை அணைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்த பிறகு நான் கேட்டிருக்கக் கூடாது; கேட்டேன்.

"ஒண்ணுதாங்க கேட்டுச்சு."

அதற்குப் பிறகு தெருவில் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. மாடியில் நின்றவர்கள் புகை இல்லை, புகை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்குவாரியில் வேட்டு வைத்திருப்பார்கள் என்றார் அண்ணாச்சி. எந்தக் குவாரி என்று யாரோ கேட்டதும் அவரும் மாடிப்படி ஏறிப்போனார். எனக்குத் தெரிந்த அறிவியல் அத்தனையும் முடிந்துபோயிருந்தது. மனைவியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கையெல்லாம் கிரீஸ், அவளைத் தொடவும் வழியில்லை.

போன் அடித்தது. மனைவி அதைக் காதில் வைப்பதற்குள், அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது.

"யக்கா! வீட்டுல யாருக்கு என்ன? இத்தன மிஸ்டு காலு! மச்சானுக்கு ஏதுமா? பேசுக்கா!"

கம்பெனி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில், திறக்காத தூக்குவாளியோடு நின்று தங்கையும் பதறிக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கி வண்டி, சைலன்சர், பெட்ரோல் என்று விளக்கினேன்.

"மச்சான்," என்றாள், "நீங்க லேபிள மட்டும் பாருங்க."

அந்த இரண்டாவது சத்தம் என்னவென்று இன்றுவரை தெரியாது. அன்று எந்தப் பக்கமும் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் இப்போதும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கம்பெனி விடுமுறை நாட்களில் மட்டும். கொழுந்தியாள் வந்து, கண்ணில் படுகிற மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான் கிக்கரில் கால் வைக்க எனக்கு அனுமதி.