குழாயில் கட்டிய துணி

அன்று காலை வாஷிங் மெஷின் பாதியில் நின்றபோது உள்ளே என் மனைவியின் படுக்கை விரிப்புகள் மூன்று கிடந்தன. பக்கவாதம் வந்து அவள் படுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டயப்பர் போட்டால் புண் வந்துவிடுகிறது. அதனால் ஒரு நாளைக்கு நாலு முறையாவது விரிப்பு மாற்ற வேண்டும். தாம்பரம் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

பெங்களூரில் இருக்கும் மகள், அம்மாவைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். "துவைக்க மெஷின் இருக்கு, மத்ததுக்கு நான் இருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் அவள் வாயை அடைத்துவந்தேன். இப்போது அதில் பாதி போய்விட்டது.

மூடியைத் திறந்தால் அழுக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். உறுமியது, சுற்றவில்லை. தண்ணீர் வெளியேறும் ஹோஸைத் தரையில் தாழ்த்தினேன். நாலு சொட்டு வந்தது. ஹோஸுக்குள் ஒரு கம்பியை விட்டேன், கம்பிதான் வளைந்தது. ஆத்திரத்தில் ஓர் உதை விட்டேன். உள்ளறையிலிருந்து "என்னங்க?" என்று மனைவி குழறலாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, ஓடிட்டுதான் இருக்கு."

மெஷின் ஓடவில்லை என்பது அவளுக்கா கேட்காது? வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

மதியம் வந்த மெக்கானிக் அடியில் கழற்றி, ஒரு கை நிறைய நைஸ் மணலை அள்ளிக் காட்டினார்.

"இன்னா சார், உள்ள ஃபுல்லா போர் மண்ணு கீது. பம்ப்பு பூட்ச்சு, பேரிங்கும் காலி. இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதே இல்ல. குழாய்ல துணி கட்லியா?"

"கட்டியிருக்கே!" என்று வீறாப்பாகத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிக் காட்டினேன். குழாயைச் சுற்றி ஒரு நாடா மட்டும் இருந்தது. வாயை மூடியிருந்த துணி இற்றுப் போயிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மெஷினில் தண்ணீரை வடிகட்டும் வலை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று அதைப் பிடுங்கி எறிந்தவன் நான். அதற்குப் பதிலாகக் குழாய் வாயில் பழைய புடவைத் துணியைக் கட்டியவள் அவள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் முதல் காரியமாக அந்தத் துணியை மாற்றுவாள். வாரா வாரம் பேப்பர் படித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் விழுந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

புது மெஷின் வர மூன்று நாள் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். விரிப்புகளைக் கையால் கசக்கினேன். கனத்த துணி, பிழிய என் தோள் இடம் கொடுக்கவில்லை. சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மெஷின் வந்துவிடும், இந்தத் தோள் போனால்? அவளைப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"சரிம்மா. அந்த இடத்தைப் பேசி முடிச்சுடு" என்றேன். ஏன் திடீரென்று என்றுகூட அவள் கேட்கவில்லை. அதுவும் வலித்தது.

மாற்றுவதற்கு மீதமிருந்த கடைசி விரிப்பை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனேன். காலையில் போட்டது நனையவே இல்லை. ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

பிறகு அவளுடைய இடது கைக்கு எட்டும்படி நான் காலையில் வைத்த தண்ணீர் சொம்பைப் பார்த்தேன். ஸ்ட்ராவோடு அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது.

"ஏன் குடிக்கல?"

ஜன்னலுக்கு வெளியே கொடியைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"துணி காயட்டுங்க. அப்புறமா குடிச்சுக்கறேன்."