டைட்டஸ் எழுந்திருக்காத ஞாயிறுகள்

டைட்டஸை நான் முதலில் பார்த்தபோது அவர் ஏணி உச்சியில் நின்று ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். சித்தூரில் புதிதாகக் கட்டிய வீடு அது. நான் திருப்பதியில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் பணியாற்றுகிறேன். சிகிச்சை முடிந்து போனவர்களை ஆறு மாதம் கழித்துத் தேடிப் போய், குணம் நிலைத்ததா என்று படிவத்தில் குறிப்பது என் வேலை. விஜயபுரத்துக் கடலைக்காட்டிலிருந்து எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

“ஒரு சொட்டு தொடல சார். ரிப்போர்ட்ட நல்லா எழுதுங்க. அத்தப் பாத்துட்டுதான் பொண்ண இட்டுகினு வருவேன்னு ஊட்டுக்காரி சொல்லிட்டா.”

பேசும்போதே அவர் கால் ஏணிப்படியில் ஆடிக்கொண்டே இருந்தது.

மனைவி அபிகாயில் பாலசமுத்திரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். போனில் கேட்டேன்.

“மாசாமாசம் ராப்போசனத்துக்கு, அதான் கர்த்தரோட பந்திக்கு, நானும் சித்தூர் சர்ச்சுக்குத்தான் வரேன் தம்பி. பொம்பளைங்க பக்கத்துலர்ந்து பாத்துகினுதான் இருக்கேன். எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போறாங்க, இந்த ஆளு மட்டும் பெஞ்சுல ஒட்டிகினு ஒக்காந்துக்கறாரு. குடிச்சிட்டு கர்த்தரோட பந்தியத் தொட்டா பாவம். குடிக்காதவருக்கு இன்னா பயம்? திரும்ப ஆரம்பிச்சிட்டாரு, அவ்ளோதான்.”

இருவர் பதிலும் மாறினால் குடும்பத்தாருடையதையே எடுக்கவேண்டும் என்பது விதி. ‘மீண்டும் குடி’ என்று டிக் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இருப்புக் கொள்ளவில்லை. கால் ஆடியது சரி, கை? முடி மாதிரி ஒயரை ஒரே தடவையில் ஸ்க்ரூவுக்கடியில் நுழைத்தாரே! குடித்த காலத்தில் என் சித்தப்பா டீ கிளாஸையே இரண்டு கையால்தான் பிடிப்பார். சந்திரகிரியில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து மறுபடி அந்த வீட்டுக்கே போனேன்.

“அண்ணா, ராப்போசனத்துக்கு ஏன் எழுந்திரிக்கறதில்ல?”

“போட்டுக் குடுத்துட்டாளா?” கட்டிங் பிளேயரைத் தூக்கி எறிந்தார். வாசலுக்கும் ஹாலுக்குமாக நாலைந்து தடவை நடந்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: “எங்க கோயில்ல குடுக்கறது நெஜ ஒயினு சார். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். கிட்ட வர்றப்பவே வாசன தூக்குது. கர்த்தரோட ரத்தத்தப் பாத்து நாக்கு ஊறுதுன்னு பாஸ்டர் ஐயர்கிட்ட எப்டி சொல்றது? அவகிட்டதான் எப்டி சொல்றது?”

“என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க.” அபிகாயில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினேன். சொன்னார்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றாள். மறுபடி சொன்னார்.

“லூசு! இத்தயா ஆறு மாசமா முழுங்கிகினு இருந்த? வர்ற தபா கடைசி பெஞ்சுல ஒக்காரு. நானும் வந்து உன் பக்கத்துல ஒக்காந்துக்கறேன், எழுந்திரிக்க மாட்டேன். பாக்கறவங்க பாக்கட்டும்.”

அவளிடம் மறுபடி கேள்விகளைக் கேட்டு, டிக்கை மாற்றினேன். படிவத்தில் ‘வழிபாட்டில் முழுமையாகக் கலந்துகொள்கிறார்’ என்ற வரிக்கு மட்டும் மதிப்பெண் பூஜ்யம்தான். காரணத்தை ஓரத்தில் எழுதினேன். கம்ப்யூட்டரில் அதை ஏற்ற இடமில்லை.

டைட்டஸ் குடியை விட்டு இது பதினோராவது மாதம். அபிகாயிலும் மகளும் சித்தூரில் அவரோடு இருக்கிறார்கள்.