சுல்மா காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன கதை

உருகுவாயின் கிழக்குக் குன்றுகளுக்கு விடுமுறையில் வருகிறவர்களுக்கு சுல்மா மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறாள். குதிரைச் சவாரியா, மீன்பிடிப்பா, காட்டுப்பன்றி வேட்டையா, எது கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தொலைபேசியில் முடித்துக் கொடுத்துவிடுவாள். பதினோரு வருடமாக இதே வேலை. ஆனால் வேட்டைக்கு அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. போனவர்கள் பசியோடு திரும்பும்போது அடுப்பில் கறி தயாராக இருக்க வேண்டுமே.

அந்த ஏப்ரலில் மனைவியோடு வந்து தங்கிய ரென்ஸோ இத்தாலியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை காலை ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, வெள்ளிக்கிழமை ஊர் திரும்புவதற்குள் பன்றி வேட்டைக்குப் போக முடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே அந்த அறுபது வயது மனிதரின் கண்கள் மின்னின. சுல்மா சிறுவயதில் இத்தாலியர் குடியேறிய ஊரில் வளர்ந்தவள். அதனால் அவர் பேச்சு அவளுக்குப் புரிந்தது.

முதலில் காவல் நிலையத்துக்குப் பேசினாள். வெளிநாட்டுக்காரர் துப்பாக்கி எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும், அது வர பத்து நாளாகும் என்றார்கள். ரென்ஸோவின் முகம் வாடிப்போனது. துப்பாக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை, நாய்கள் வேலை செய்வதைப் பார்த்தால் போதும் என்று அவரே சொன்னதும் அவளுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அடுத்து பெர்டோமோவை அழைத்தாள். அவருடைய சோளக்காட்டைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன. எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள், இன்றைக்கே வாருங்கள் என்றார் அவர்.

கடைசியாக, ஆறு வேட்டை நாய்கள் வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணை நெல்சன். அவன்தான் முரண்டு பிடித்தான்.

"அந்த ஆளுக்கு நம்ம பேச்சு தெரியாது சுல்மா. புதருக்குள்ள நான் 'மரத்துல ஏறு'ங்கறப்போ அவரு 'என்ன'ன்னு கேட்டுட்டு நின்னா, பன்றி தொடையைக் கிழிச்சிட்டுப் போயிடும். நீ வர்றதா இருந்தா கூட்டிட்டுப் போறேன்."

"நானா? எனக்கு ஓடக்கூட வராது."

"ஓட வேணாம். ஏறத் தெரிஞ்சா போதும்."

சரி, வருகிறேன் என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள். பிறகு கணவன் ஹேபரின் பழைய பூட்ஸைத் தேடி எடுத்து, நுனியில் துணியை அடைத்துப் போட்டுப் பார்த்தாள். நாளைக்குச் சமையல் யார் என்று ஹேபர் கேட்டான். நீதான் என்றாள்.

புதன்கிழமை, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மூவரும் சோளக்காட்டோரம் இறங்கினார்கள். நாய்கள் மோப்பம் பிடித்து முள்புதருக்குள் பாய்ந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவள் குனிந்து பூட்ஸ் கயிற்றை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினாள். திடீரென்று ஆறு நாய்களும் ஒன்றாகக் குரைத்தன. நெல்சன் துப்பாக்கியோடு முன்னே ஓடினான். ஓட வராத சுல்மாவும் ரென்ஸோவின் சட்டையைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள்.

புதர் பிளந்தது. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுத்த ஆண் பன்றி, நாய்களை உதறிவிட்டு, நேரே அவர்களை நோக்கி வந்தது. ஏறச் சொல்லி நெல்சன் கத்தினான். அந்த நேரம் பார்த்து சுல்மாவுக்கு இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. ரென்ஸோவின் கால்சட்டை வாரைப் பிடித்துத் தூக்கி அவரைப் பக்கத்து மரக்கிளையில் ஏற்றிவிட்டு, எப்படி என்று தெரியாமலே தானும் ஏறிவிட்டாள். பன்றி கீழே உரசிக்கொண்டு போனது. நாய்கள் சுற்றி வளைத்துக்கொள்ள, அது திரும்பி நின்றது. நெல்சன் நிதானமாகக் குறி பார்த்து ஒரே குண்டில் சாய்த்தான்.

கிளையில் உட்கார்ந்தபடி ரென்ஸோ குழந்தையைப் போலச் சிரித்தார். சுல்மாவுக்கும் சிரிப்பு வந்தது. பயம் இருந்த இடமே தெரியவில்லை.

"இறங்கு, எல்லாம் முடிஞ்சுது" என்றான் நெல்சன்.

"இரு. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கேன். அடுத்தது எப்போ?"

"முதல்ல இதைத் தூக்க ஒரு கை குடு. நூத்திப்பத்துக் கிலோவாவது இருக்கும்."

மத்தியானம் ஹேபர் தீய்த்து வைத்திருந்த கறியை மூவரும் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தார்கள். நடந்ததை சுல்மா முதலில் ஹேபரிடம் சொன்னாள், பிறகு ரென்ஸோவின் மனைவியிடம், பிறகு பெர்டோமோவிடம். பெர்டோமோவிடம் சொல்லும்போது பன்றி நூற்று ஐம்பது கிலோ ஆகிவிட்டிருந்தது. நெல்சன் மறுக்கவில்லை.