ஆளுக்கு இரண்டு நிமிடம்

எங்கள் விவசாயிகள் குழுவுக்கு நான்தான் செயலாளர். சிறுமலையிலிருந்து கீரனூர் வரை ஆட்கள் சிதறிக் கிடப்பதால் வாரக் கூட்டத்தைக் கைபேசியிலேயே வீடியோவில் நடத்துவோம். கீரனூர்த் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், "ஏனுங்க, ஒரே ஒரு விசயமுங்க" என்று ஆரம்பித்தால் கூட்டமே முடிந்துவிடும். அவர் வாயை அடைக்கத்தான் நேரக் கணக்கு வைக்கும் ஒரு செயலியைக் கொண்டுவந்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும். எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துவிட்டதாக எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சிறுமலையில் வாழை போடும் அக்கா ஒருவர் குழுவில் இருந்தார். சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறி வந்து பேசுவார். "எல்லாரும் சாப்டியளா? தம்பி, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று ஒவ்வொருவராக விசாரிப்பார். விசாரிக்காமல் நேராகக் காரியத்துக்கு வருவது அவருக்கு மரியாதைக் குறைவு. எனக்கோ எரிச்சல். "வண்டி விசயமா ஒண்ணு..." என்று அவர் தொடங்கும்போது மைக் அணைந்துவிடும். நானும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன். மலையடிவாரத்திலிருந்து சந்தைக்குக் காய் ஏற்றிப்போகும் வண்டி காலை ஆறு மணிக்கே கிளம்பும் என்று முதல் வாரமே முடிவு செய்திருந்தோம். யாரும் மறுக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதியவனும் நான்தான். மூன்று வாரம் இப்படியே போனது. அவருடைய வாழைத்தார் வரவில்லை. ஏனென்று நான் கேட்கவும் இல்லை.

நான்காவது வாரம் அவர் முறை வந்தது. யாரையும் விசாரிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்தார்.

"மலையிலருந்து மொத பஸ்ஸு ஏழரைக்குத்தான் எறங்கும். வண்டி ஆறுக்கே போயிருது. தாரெல்லாம் பழுத்து வீணாப் போச்சு. வண்டிய எட்டுக்கு விடுங்க. அம்புட்டுத்தான்."

திரையில் இன்னும் ஒன்றரை நிமிடம் மீதமிருந்தது.

"நேரம் இருக்குக்கா, பேசுங்க" என்றேன் அசட்டுத்தனமாக.

"வேற என்னத்தப் பேச, தம்பி? நான் வாயத் தொறந்தாலே வெட்டிப்புடுறீக. அதான் மககிட்டச் சொல்லி எழுதி வாங்கிட்டு வந்தேன்."

"அக்கா சொல்றது நாயமுங்க" என்றார் தென்னந்தோப்புக்காரர். எல்லோரும் சரியென்றார்கள். வண்டி நேரத்தை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. திண்டுக்கல் நகரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி, கேமராவை அணைத்தேன்.