வெயில் நாளில் கழித்த தண்ணீர்

தேயிலை பறிக்கிற அக்கா ஒருத்தி என் மேசையில் கொழுந்துத் துண்டை வைக்கவில்லை, அறைந்தாள். தராசடியில் கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து எழுதிக் கொடுத்த சீட்டு அது. பதினேழு கிலோ என்றிருந்தது. என் கம்பியூட்டர் அச்சடித்த பட்டியலில் பதினைந்து. பதினாறுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். "எனக்கு அரப்பேரா? இந்தத் தோட்டத்துல என் கைக்கு ஈடா யாரு கொழுந்து ஆயிறாங்க?" என்றாள்.

எண்பதுகளின் கடைசி அது. இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசுக்கு வந்த முதல் கம்பியூட்டருக்கு நான்தான் பொறுப்பு. ஹட்டனில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்த தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. துண்டிலுள்ள நிறையை மட்டும் பதிந்து வைப்பேன். கூடைக்கு ஒன்று, கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு கிலோ கழிக்கிற வேலையைத் தனி ஒரு கட்டம் செய்யும். அது எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. பட்டியல் கேட்கும்போது மட்டும் தானே கணக்கிட்டுக் காட்டும். அப்படியொரு சூத்திரம் எழுதியதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் கணக்கப்பிள்ளை அந்த இரண்டு கிலோவைத் தராசடியிலேயே மனக்கணக்காகக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிரு" என்றார் பெரிய கிளாக்கர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடத்தில், எல்லோர் முன்னாலும் நின்று, பிழை என்னுடையது என்றேன். அக்கா விடுவதாக இல்லை. "சரி தங்கச்சி, ஒங்க கழிப்ப எடுத்துட்டீங்க. வெயில் நாள்லயும் தண்ணிக்குன்னு ஒரு கிலோ கழிக்கிறாங்களே, அதுக்கு ஒங்க பொட்டி என்னா சொல்லுது?"

பெட்டியிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் ஆபீசில் மழைமானிப் புத்தகம் இருந்தது. அன்றன்றைய மழையளவைப் பதிந்து, இன்னொரு கட்டம் அமைத்தேன்: மழை பூச்சியம் என்றால் எழுதிய நிறையோடு ஒன்று கூட்டு, இல்லையென்றால் அப்படியே விடு. இன்றைக்கு என் மகள் அதை நான்கு சொடுக்கில் முடிப்பாள். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பதினைந்து பதினாறாகி, அரைப்பேர் முழுப்பேரான பெண்களின் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. பெரிய கிளாக்கர் தடுக்கப் பார்த்தார். நானே தோட்ட மேலாளரான துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, மழையில்லாத நாளில் கூடைக்கு மட்டும் கழிக்கும்படி உத்தரவு எழுதினார். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சூத்திரம் நான் எழுதியதில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

அடுத்த வெயில் நாளில் தராசடிக்குப் போனேன். அக்காவின் கூடை ஏறியது, முள் பதினேழில் நின்றது. கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் "பதினஞ்சு" என்று சொல்லி எழுதினார். அக்கா கூடையை இறக்கவில்லை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூட நகரவில்லை.

"கணக்கப்புள்ள, இப்ப மழ பேயுதுங்களா?"

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினார்.