தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர்?

இந்த வருஷம் எனக்குத் தண்ணீரில்தான் சாவு என்று ஆண்டவரே அட்டை அடித்து அனுப்பிவிட்டதாக நம்பினேன். சிரிக்காதீர்கள். ஜனவரி ஒன்றாம் தேதி காலையிலிருந்து முழு மனதோடு நம்பினேன்.

சர்ச்சுப் பக்கம் போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் கோயிலில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம், அதாவது ஆண்டவர் கொடுத்த வாக்கு. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வந்தது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்கு அவர் உங்களுக்குச் சொன்ன சொல்.

ஒரு வருஷம், என் எல்லைகளை விரிவாக்குவதாக வந்தது. விரிவாக்கினார். பேன்ட்டுகளையெல்லாம் பிரித்துத் தைத்தோம். ஆகவே அவர் சொல் தவறமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இந்த வருஷ அட்டை என்ன சொன்னது தெரியுமா? நான் தண்ணீரைக் கடக்கும்போது அவர் கூடவே இருப்பாராம்.

எந்தத் தண்ணீரை? எதற்காக நான் கடக்க வேண்டும்? சும்மா உட்கார்ந்திருப்பவனை ஏன் ஆற்றில் இறக்குகிறார்?

"ஏனுங்க, கூட இருப்பேன்னும் அதே அட்டையிலதானுங்க போட்டிருக்குது. அதை யாரு படிப்பாங்க?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"பயப்படாதீங்க, நாங்க இருக்கறோம்னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்? ஊசி பெருசுன்னு அர்த்தம்!"

"உங்களுக்கு ஊசி பத்தாதுங்க."

சிறுவாணிப் பக்கம் பிக்னிக் என்றார்கள். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். மாடித் தொட்டிக்குப் பூட்டு போட்டேன். வாளியை அரைக்கு மேல் நிரப்பிக் குளிப்பதில்லை. இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனி ஸ்டோரில். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிவிடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, டம்ளரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் தமாஷ்.

என் அக்கா எஸ்தர், தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் டீச்சர். மச்சான் உயிரோடு இல்லை. ஒரே மகள் பியூலா. அவளுக்குப் போன மாதம் கல்யாணம், அக்கா ஊர்க் கோயிலில். எங்கள் வழக்கப்படி அப்பாதான் பெண்ணின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அழைத்துப் போக வேண்டும். அப்பா இல்லையென்றால் தாய்மாமன்.

நிச்சயத்தன்று பியூலா என்னைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"மாமா, என்னைக் கூட்டிட்டுப் போறது நீங்கதானுங்களே?"

"வேற யாரு கண்ணு? இடியே உழுந்தாலும் மாமன் வந்து நிப்பேன்."

"வெளையாட்டுக்குச் சொல்லாதீங்க மாமா. நெசமாலுமா?"

"மாமன் சொன்னாச் சொன்னதுதான்."

இடியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை... கவனித்தீர்களா?

ஸ்டெல்லா முதல் நாளே போய்விட்டாள். எனக்கு ஸ்டோரில் இன்ஸ்பெக்‌ஷன். கல்யாணத்தன்று விடிந்ததும், இதற்கென்றே தைத்த சாம்பல் நிற கோட்டு சூட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மலைப்பக்கம் முழுக்க மேகம். தொண்டாமுத்தூர் தாண்டும்போது தூறல். அக்கா ஊருக்குப் பிரிகிற ரோட்டில் இறங்கினால் ஒரு டீக்கடை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஒரு வளைவைத் திரும்பினால் தரைப்பாலம். அதற்கு அந்தப் பக்கம் கோயில்.

"ஏனுங்க, பாலத்துல தண்ணி ஏதும் வருதுங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"வருதுங்களே! மலையில நல்ல மழையில்லீங்களா? பாலத்து மேலயேதான் போயிட்டிருக்குது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்தார். "போன மழைக்கு ஒரு எருமையவே அடிச்சுட்டுப் போயிருச்சுங்க."

பாலத்தின் மேலே எவ்வளவு தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. எருமை பிழைத்ததா என்றும் கேட்கவில்லை. எனக்கு அட்டை கண்முன் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து காத்திருந்த தண்ணீர் இதுதான்! கோட்டு சூட்டோடு மிதந்து போகிற என்னை நானே பார்த்தேன். டை மட்டும் மேலே தெரிந்தது.

ஒரு டீ சொன்னேன். பிறகு ஒரு பஜ்ஜி. பிறகு இன்னொரு டீ.

சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்குங்களா?"

"ஆமாங்க."

"நான் அந்தப் பக்கந்தானுங்க போறேன். வாங்க, சேர்ந்தே போயிரலாம். பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்குங்க. நான் கூட வாரேன்."

"பயமா? எனக்குங்களா?" பெஞ்சுக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். "பேன்ட்டு நனைஞ்சுருமேன்னு பாக்கறனுங்க. புதுசு."

"அப்பச் சரிங்க." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவில் மறைந்தார்.

கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. டீக்கடைக்கு நன்றாகவே கேட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், இன்னொரு பஜ்ஜி சொன்னேன். எழுந்தேன். கோயமுத்தூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கதை தயார் செய்தேன். சாயங்காலம் ஸ்டெல்லா கதவைத் தட்டியதும் ஒப்பித்தேன். "என்ன பண்றது ஸ்டெல்லா, கழுத்தளவு தண்ணி! இறங்கித்தான் பார்த்தேன். இழுத்துப்போட்டுருச்சு..."

அவள் நாற்காலியில் தொங்கிய பேன்ட்டைப் பார்த்தாள். கத்தி மாதிரி மடிப்பு, கலையாமல் இருந்தது.

அவளும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் திரும்பி வந்திருக்கிறாள். இது எனக்குக் கதை தயார் செய்தபோது தோன்றவே இல்லை.

"யாரு கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன்.

"உங்க அக்காதான். ஆயர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாருங்க. அப்புறம் அவங்களே மகளோட கையப் புடிச்சுட்டாங்க."

"பியூலா ஏதாச்சும்..."

"மாமாவுக்கு வழியில என்னமோ ஆயிருச்சு, இல்லீன்னா வராம இருக்கமாட்டாருன்னு அழுதா. சர்ச்சே எழுந்திரிச்சு உங்களுக்காக ஜெபம் பண்ணுச்சுங்க. நீங்க பத்திரமா இருக்கோணும்னு."

ஜெபம் கேட்கப்பட்டது என்பதற்கு நானே சாட்சி. அந்த நேரத்தில் பத்திரமாக இரண்டாவது பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். இந்த வருஷ அட்டையைக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தேன். அதை எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகிவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் ஆண்டவர் சொல்லைத்தான் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னுடைய சொல்லை யாருமே சந்தேகப்படவில்லை பாருங்கள். பியூலா படவில்லை. சர்ச்சில் எழுந்து நின்றவர்கள் படவில்லை. சொல் மாறாத ஆண்டவரை ஒரு அட்டைக்காக நம்பாமல் போனேன். என்னை ஒரு பெண் அழுதுகொண்டே நம்பியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனோம். தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. பியூலா மாப்பிள்ளையோடு போத்தனூர் போய்விட்டாள். வழியில் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேன். அக்கா அதற்கு இடமே கொடுக்கவில்லை. "வாடா, சாப்புடு" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் போட்டோவைக் கையில் கொடுத்தாள்.

கோயில் நடுப்பாதை. அக்கா மகளின் இடது கையைப் பிடித்திருக்கிறாள். அக்கா நேராகப் பார்க்கிறாள். பியூலா மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

"ஏன் அக்கா, அவ வலது பக்கம் இவ்வளவு எடம் உட்டு நடந்திருக்கறீங்க?"

"நீ எப்பிடியும் ஓடி வந்துருவீன்னு சொல்லீட்டே நடந்தாடா."

போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். பியூலாவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கழுத்தளவு என்று மட்டும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலத்தில்தான் நடந்து வந்திருக்கிறார்கள்.

தண்ணீர் கணுக்கால் வரைக்கும் இருந்ததாம்.